பூலோகத்தின் இடுப்பில் ஊர்ச் சாவி

ஆடி மாதம் பிறந்தால் அந்த மலையூர் வீடுகளெல்லாம் மேகத்துக்குள் போய்விடும். அங்கே பூலோகம் என்றொரு பழைய திருடன், சிறைக்குப் போய்த் திரும்பியவன், காவல்காரன் வேலை கேட்டு வந்தான்.

ஊர்க் காவலுக்குத் தலைவரான கொத்தவால் சேதுரத்தினம் மீசையைத் தடவினார். மீசைக்குத்தான் சம்பளம் என்று அவருக்கு நினைப்பு. "உன்னை நம்பி ஒரு வீட்டுக்காரராவது சாவியைக் கொடுக்கட்டும். அப்புறம் சீருடை கேள்."

ஆடிப் பெருக்கன்று ஊரே கட்டுசாதத்தோடு ஆற்றுக்குப் போனது. சாயங்காலம் கொத்தவால் முதல் ஆளாகத் திரும்பினால், மேகத்துக்குள் ஏதோ கிணுகிணுத்தது. பூலோகத்தின் இடுப்பில் ஊர்ச் சாவிகளெல்லாம் தொங்கின.

"என்னடா மந்திரம் போட்டாய்?"

"மந்திரமில்லைங்க. ஒரு கரண்டி காணாமப் போனாலும் முதல்ல யாரைப் பிடிச்சுக் கட்டுவாங்கன்னு கேட்டேன். என்னைத்தானே? அப்போ என்னைவிட அக்கறையா யார் காவல் காப்பாங்க? கொடுத்துட்டாங்க."

"முட்டாள் ஜனங்கள்," என்று தன் வீட்டுக் கதவைத் தள்ளினார் கொத்தவால். பூட்டியிருந்தது.

பூலோகம் ஒரு பித்தளைச் சாவியைப் பணிவாகக் கழற்றி நீட்டினான். "உங்க வீட்டம்மா கொடுத்தாங்க. உங்க காவல்காரங்க எல்லாரும் புளியோதரைக்குப் பின்னாடியே போயிட்டாங்களாம்."

கொத்தவால் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தார். உள்ளே போய்ச் சீருடையை எடுத்துவந்தார்.

அதன்பிறகு மேகத்துக்குள் கிணுகிணுப்புக் கேட்டால், ஊர் புரண்டு படுத்து நிம்மதியாகத் தூங்கும்.