இரண்டு மூச்சு

அந்தக் காலத்தில் மீனும் நாயும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கண்ணையோ காதையோ மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. அப்போது உலகத்திலேயே கூர்மையான மூக்கு மனிதருடையது. நாளை மறுநாள் வரப்போகும் மழையை இன்றைக்கே மோந்து சொல்லிவிடுவார்கள். நாய்க்கு இருந்தது பெயருக்கு ஒரு மூக்கு. காலடியில் எலும்பு கிடந்தாலும் குனிந்து பார்த்தால்தான் அதற்குத் தெரியும்.

ஏரிக்கரையில் நாற்பது வீடுகள் கொண்ட ஓர் ஊர் இருந்தது. அங்கே தினமும் விடிந்ததும் மோப்பக்காரி ஏரியில் இறங்கி, ஒரு கைத் தண்ணீரை அள்ளி மோந்து பார்ப்பாள். "மொள்ளலாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் குடத்தை முக்குவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவளுக்கும் சோதனை உண்டு. கண்ணைக் கட்டிவிட்டு, மூன்று சட்டிகளில் மழைத் தண்ணீர், மலைச் சுனைத் தண்ணீர், ஏரித் தண்ணீர் வைப்பார்கள். எது எதுவென்று அவள் சொல்ல வேண்டும்.

அப்போது மோப்பக்காரியாக இருந்தவள் சடைச்சி. ஆறு வருஷமாக அவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை. புருஷன் பாம்பு கடித்துச் செத்துப்போனான். மிச்சம் இருந்தது நாலு வயது மகள் மயிலியும், கருவாயன் என்ற நாயும்தான். இருபது பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் கூட்டத்திலும், கண்ணை மூடிக்கொண்டே மயிலியின் உச்சந்தலை வாசனையை வைத்து அவளைத் தூக்கிவிடுவாள் சடைச்சி. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஊரின் எச்சில், மீன் செதிள், குடல், ஊசிப்போன குழம்பு எல்லாம் பனங்காட்டுக்கு அப்பால் இருந்த குழிக்குத்தான் போக வேண்டும். நடை கொஞ்சம் தூரம்தான். ஒரு மழைநாளில் வழியெல்லாம் சேறு. இடுப்பில் மயிலி சிணுங்கிக்கொண்டிருந்தாள். சடைச்சி பனங்காட்டைப் பார்த்தாள், பக்கத்திலேயே கிடந்த ஏரியைப் பார்த்தாள்.

"ஒரு சட்டிதானே" என்று ஏரியில் கவிழ்த்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டாள். மோப்பக்காரியே கொட்டும்போது நமக்கென்ன? மறுநாள் அவளும் கொட்டினாள். மழை நின்றது, சேறு காய்ந்தது, பனங்காட்டுப் பாதை நன்றாக வெளுத்துக் கிடந்தது. அதில் நடக்கத்தான் ஆள் இல்லை. நாற்பது வீட்டுக்காரர்களும் நாள் தவறாமல் ஏரிக்கு ஒரு சட்டி கொடுத்தார்கள். நல்ல பழக்கம் ஒட்ட நாளாகும். இந்த மாதிரிப் பழக்கத்துக்கு ஒரு மழை போதும்.

கோடையில் ஏரி நாறத் தொடங்கியது. சடைச்சி ஒருநாள் கைத்தண்ணீரை மூக்கருகே கொண்டுபோனவள் குமட்டிக்கொண்டு கரையேறினாள். "மொள்ளாதீங்க" என்றாள். அன்றிலிருந்து ஊர்ப்பெண்கள் மலைச்சுனைக்கு நடந்தார்கள். பனங்காட்டைப் போல இரண்டு மடங்கு தூரம்.

ஏரியின் மூத்த விரால் மீன் கரையோரம் தலையை நீட்டியது.

"சடைச்சி, எங்க குஞ்செல்லாம் செத்து மிதக்குது. அந்தச் சட்டியை நிறுத்து."

"நான் கொட்டுறது ஒரு சட்டிதானே?"

"நாப்பது வீடும் இதையேதான் சொல்லுது."

"அப்ப மத்த முப்பத்தொம்பது வீட்டுலயும் போய்ச் சொல்லு" என்று அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் முந்தானைக்கு அடங்குகிற நாற்றமா அது? ஊரிலேயே கூர்மையான மூக்கு அவளுடையது. அதிகம் அவதிப்பட்டதும் அவள்தான். சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பனங்காட்டுக்கு நடந்திருக்கலாம். அந்த யோசனை மட்டும் அவளுக்கு வரவில்லை. வாசலில் படுத்திருந்த கருவாயன்மேல் கண் போனது.

"டேய், என் மூக்கை எடுத்துக்கிட்டு உன் மூக்கைக் குடுக்கிறியா?"

கருவாயன் துள்ளி எழுந்தான். "நெசமாவா ஆத்தா? இரை தேடியே என் கண்ணு போச்சு. குடு, குடு!"

ஊர் கூடியது. விராலும் வந்தது. "மாத்துறதுக்குத் தடை இல்ல. மாத்தின பிறகு வழக்கமான சோதனையை வையுங்க. மூணு சட்டியில என் ஏரி எதுன்னு அவ சொல்லட்டும்" என்றது.

மூக்கு மாறியது. சடைச்சியின் கண்ணைக் கட்டி மூன்று சட்டிகளை வைத்தார்கள். முதல் சட்டியை மோந்தாள். இரண்டாவதை, மூன்றாவதை மோந்தாள். மறுபடி முதலிலிருந்து மோந்தாள். பிறகு கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுச் சிரித்தாள்.

"மூணும் ஒண்ணுதான்! ஏரியில நாத்தமே இல்ல!"

சோதனையில் தோற்றவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடாத குறைதான். ஏரி சுத்தமாகிவிட்டது என்று ஊரே குதித்தது. பொழுது சாய்வதற்குள் நாற்பது வீட்டிலும் மூக்கை நாய்களிடம் தள்ளிவிட்டார்கள். விரால் சேற்றுக்குள் இறங்கிப் போனது.

இனி சுனைக்கு யார் நடப்பது? மறுநாள் காலையில் சடைச்சி ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி, வழக்கம்போல் மோந்து, "மொள்ளலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மயிலியை வாரி அணைத்து உச்சியில் முகம் புதைத்தபோதுதான் அவளுக்குத் திக்கென்றது. வாசனையே இல்லை. கட்டையை அணைத்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். போகட்டும், பிள்ளைதான் கையில் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மயிலி தாகம் என்று குடத்தருகே போனாள். கருவாயன் பாய்ந்து குறுக்கே நின்றான்.

"ஆத்தா, வேணாம்! இந்தத் தண்ணி அழுகிக் கிடக்கு. பிள்ளைக்குக் குடுக்காத!"

"நான் மோந்து பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. தள்ளு."

"நீ எதை வெச்சு மோந்த? உன் மூக்கு எங்கிட்டத்தானே இருக்கு!"

நாய்க்கு வந்த வாழ்வைப் பார் என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுப்பங்கட்டையை எடுத்து அவன் வாயிலேயே ஓங்கி ஒன்று வைத்தாள். கருவாயன் ரத்தம் ஒழுக விலகினான். மயிலி இரண்டு கை நிறையக் குடித்தாள்.

அன்று மாலையே பிள்ளை வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள் மயிலி இல்லை.

புதைத்துவிட்டு வந்த சடைச்சி, பிள்ளையின் சிற்றாடையை முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணியில் மகள் இருந்தாள், அவளுக்குத்தான் தெரியவில்லை. பாவி, அழுகைகூட அவளுக்கு ஒழுங்காக வரவில்லை. கருவாயன் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றான்.

"ஆத்தா, மூக்கைத் திருப்பி வாங்கிக்க. நீ வாங்கினா ஊரே வாங்கும். இந்தத் துணியில பாப்பா இன்னும் இருக்கா."

சடைச்சி தலையாட்டினாள். மூக்கு திரும்பி வந்தது.

முதல் மூச்சை இழுத்தாள். மயிலி வந்தாள். எண்ணெயும் வியர்வையும் பால் மணமுமாய் உச்சந்தலை அப்படியே வந்தது. "என் கண்ணே" என்று அலறினாள்.

இரண்டாவது மூச்சை இழுத்தாள். மயிலிக்குப் பின்னாலேயே ஏரி வந்தது. அந்த நாற்றத்தை அவளுடைய மூக்கு பிரித்துக் காட்டியது. நாற்பது சட்டிகளுக்கு நடுவே அவளுடைய சட்டியும், சேற்றுக்கு அஞ்சி அந்த மழைநாளில் கவிழ்த்த முதல் குழம்பும் அவளுக்குத் தனியாகத் தெரிந்தன. அது மகளின் துணியிலும் இருந்தது.

மூன்றாவது மூச்சை அவள் இழுக்கவில்லை.

"வேணாம்! நீயே வெச்சுக்க! எடுத்துக்கிட்டுப் போ!" என்று கத்தினாள்.

கருவாயன் எடுத்துக்கொண்டான். அவள் இழுத்த அந்த இரண்டு மூச்சு மட்டும் திரும்பாமல் மனிதர் மூக்கில் தங்கிவிட்டது. அவன் அதற்குப் பிறகு எவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லித்தான் பார்த்துவிட்டானே.

மறுநாள் காலையில் சடைச்சி எச்சில் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பனங்காட்டுப் பாதை காய்ந்து கிடந்தது. இடுப்பில் சிணுங்கப் பிள்ளையும் இல்லை. அவள் ஏரியில்தான் கவிழ்த்தாள்.

அன்று முதல்தான் விரால் சேற்றுக்குள் கிடந்து மூச்சுக்கு மட்டும் மேலே வந்துபோகிறது. அன்று முதல்தான் நாய் நாம் தொட்டதையெல்லாம் மோந்து பார்த்துவிட்டு, நம் முகத்தைப் பார்த்துக் குரைக்கிறது. எவ்வளவு பெரிய நாற்றமானாலும் இரண்டு மூச்சுக்கு மேல் நமக்குத் தெரியாமல் போவதும் அன்று முதல்தான்.