அழுங்கும் ஆறு கட்டப் பலகையும்

யானைமடுக் காட்டில் ஒரு பெரிய குளம் இருந்தது. குளத்தின் சரிவில் வெள்ளெலிகளும் முயல்களும் முள்ளம்பன்றிகளும் வளை தோண்டிக் குடியிருந்தன. மேட்டில் ஒரு அழுங்கு தனியாக வாழ்ந்தது. அதன் பெயர் செதிலப்பன். உடம்பெல்லாம் கெட்டிச் செதில். பயம் வந்தால் போதும், பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

அந்தக் காட்டில் எல்லோர் வளையிலும் ஒரு கைப்பேசி உண்டு. ஆனால் அதற்கு மென்பொருள் எழுதத் தெரிந்த ஒரே ஆள் செதிலப்பன்தான்.

போன வருஷம் ஐப்பசி மழையில் குளம் திடீரென்று பொங்கிவிட்டது. யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. மிளகி என்ற வெள்ளெலியின் வளை சரிவிலேயே மிகத் தாழ்வானது. அது தலை தப்பியதே பெரிய விஷயம்! இந்த வருஷம் அதற்கு ஐந்து குட்டிகள் வேறு.

ஆவணி மாதம் மிளகி மேடேறி வந்தது.

"அண்ணே! குளத்துத் தண்ணி கரையில இருக்கிற அந்த வெள்ளைக் கல்லைத் தொட்டதும் எல்லார் கைப்பேசியும் வீல்னு கத்தணும். அப்படி ஒண்ணு செஞ்சு தர முடியுமா?"

"இவ்வளவுதானா? மழைக்கு முன்னாடி முடிச்சுத் தர்றேன் தங்கச்சி!"

வெறும் பேச்சு இல்லை. செதிலப்பன் கெட்டிக்காரன். அன்றைக்கே உட்கார்ந்து மூன்றே நாளில் பாதி எழுதிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலையே இருந்திருக்காது.

நான்காம் நாள் ஒரு கரிச்சான் குருவி வந்து கிளையில் உட்கார்ந்தது. ஊர் சுற்றுகிற குருவி. யார் வீட்டில் என்ன புதுசு என்று அதற்குத் தெரியும்.

"என்னப்பா செதிலப்பா! திட்டப்பலகை இல்லாமலா வேலை பாக்குறே?" என்று வாயைப் பிளந்தது.

"அது என்ன பலகை?"

"கணினியில திறந்தா கட்டம் கட்டமா வரும். ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டுல எழுதி, கட்டத்துக்குக் கட்டம் நகர்த்திக்கிட்டே போகணும். மலைத்தேனீக்கள் அதைத்தான் வெச்சிருக்காங்க. நாப்பதாயிரம் பேர்! ஒரு வேலை தவறுறதில்லை!"

கருவி நல்ல கருவிதான். அதில் குற்றம் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய கட்டங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அதை யார் படித்தார்கள்? செதிலப்பன் தேனீக்களின் பலகையை அப்படியே இறக்கிக்கொண்டது.

அதில் ஆறு கட்டங்கள் இருந்தன. யோசனை, வரிசை, வேலை, சோதனை, மேலிடத்து ஒப்புதல், முடிந்தது. தேன்கூட்டில் ராணி பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதுவும் வெளியே போகாது. அதற்காகத்தான் அந்த ஐந்தாவது கட்டம்.

பலகை கேட்டது: "யோசிப்பவர் யார்?"

செதிலப்பன் தன் பெயரை எழுதியது.

"எழுதுபவர் யார்? சோதிப்பவர் யார்? ஒப்புதல் தருபவர் யார்?"

எல்லா இடத்திலும் தன் பெயரையே மளமளவென்று எழுதித் தள்ளியது. பலகையும் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக ஒரு தபால் பெட்டி திறந்து கொடுத்தது. ஒரே ஒரு அழுங்குக்கு! இப்படியும் நடக்குமா என்று கேட்காதீர்கள். நடந்தது.

பிறகு சீட்டுகளுக்கு வண்ணம் பூசுவதில் எட்டு நாள் போனது. "வண்ணம் பூசுதல்" என்று ஒரு சீட்டு எழுதி, அதற்கும் வண்ணம் பூசியது.

ஒருநாள் காலை மிளகி அந்த வழியாக வந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"நேத்து என்ன செஞ்சீங்க?"

"பாதி எழுதினேன்."

"தடங்கல் ஏதாவது உண்டா?"

"இல்லைங்க!"

மிளகி எட்டிப் பார்த்தது. அங்கே செதிலப்பன் மட்டும்தான் இருந்தது.

"அண்ணே! யாரோட பேசுறீங்க?"

"உஷ்! காலைக் கூட்டம் நடக்குது!"

"யார் யாரு?"

"நான்தான்."

மிளகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் படித்தவர்கள் வழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டது.

ஆனாலும் செதிலப்பன் வேலையை விட்டுவிடவில்லை. புரட்டாசி முடியும்போது எழுதி முடித்தது. சோதித்தும் பார்த்தது. அதன் கைப்பேசி வீறிட்டுக் கத்தியது. சந்தோஷத்தோடு சீட்டை எடுத்து, "மேலிடத்து ஒப்புதல்" கட்டத்தில் வைத்தது. கையைத் தட்டிக்கொண்டு கறையான் தின்னப் போய்விட்டது.

சீட்டு அங்கேயே கிடந்தது.

செதிலப்பன் தினமும் காலையில் பலகையைப் பார்க்கும். "இன்னும் ஒப்புதல் வரலையே! மேலிடத்துல தூங்குறாங்க போல!" என்று சலித்துக்கொள்ளும். அந்த மேலிடம் யார் என்று ஒரு தடவை யோசித்திருக்கலாம். ஒப்புதல் தருபவரின் தபால் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. "மேலிடத்துத் தபாலை நாம பிரிக்கிறது மரியாதை இல்லை" என்று அதைத் தொடவே இல்லை. பெட்டி யாருக்கு என்பது அதற்கு மறந்தே போயிருந்தது.

மிளகி வந்து கேட்டது. "முடிஞ்சிடுச்சா அண்ணே?"

"எப்பவோ முடிஞ்சிடுச்சு! மேலிடத்து ஒப்புதல்தான் பாக்கி. இன்னைக்கோ நாளைக்கோ வந்துடும்!"

மிளகிக்கு நிம்மதி. வளைக்குப் போய்க் குட்டிகளை வரிசையாக உட்கார வைத்தது.

"நல்லாக் கேட்டுக்கங்க! கைப்பேசி கத்தினா உடனே மேட்டுக்கு ஓடணும். கத்தாத வரைக்கும் வெளியே தலை நீட்டக் கூடாது. பருந்து தூக்கிட்டுப் போயிடும்!"

"சரிம்மா!" என்றன ஐந்தும்.

சீட்டு ஒப்புதல் கட்டத்துக்குப் போய்ப் பத்து நாள் ஆனது. ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மிளகி அப்போது மேட்டில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தது. கைப்பேசிதான் காவல் இருக்கிறதே என்ற தைரியம். குளம் வேகமாக ஏறியது. தண்ணீர் வெள்ளைக் கல்லைத் தொட்டது. பிறகு கல்லையே மூடியது.

ஒரு கைப்பேசியும் கத்தவில்லை!

மிளகி திரும்பிப் பார்த்தது. தன் வளை வாசல் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். "ஐயோ, என் குட்டிங்க!" என்று அலறிக்கொண்டு செதிலப்பனிடம் ஓடியது.

"அண்ணே! ஏன் கத்தலை? ஏன் கத்தலை?"

"ஒப்புதல் வரலையே!"

"யாருதான்யா தரணும்?"

செதிலப்பன் அந்தத் தபால் பெட்டியைத் திறந்தது. உள்ளே பத்துக் கடிதங்கள். பத்திலும் ஒரே வரி: "மேலிடத்துச் செதிலப்பன் அவர்களுக்கு, தங்கள் ஒப்புதலுக்காகச் செதிலப்பன் காத்திருக்கிறார்."

செதிலப்பன் சட்டென்று பந்தாகச் சுருண்டுகொண்டது. "நானா? நானேதானா?" என்று பந்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

மிளகி அந்தப் பந்தை எட்டி உதைத்தது. "அப்புறம் சுருளு! இப்ப எழுந்திரு!"

செதிலப்பன் விரிந்தது. ஒரே ஒரு பொத்தானை அழுத்தியது. அவ்வளவுதான் வேலை! சரிவு முழுக்கக் கைப்பேசிகள் வீறிட்டன. முயல்களும் முள்ளம்பன்றிகளும் அடித்துப் பிடித்து மேட்டுக்கு ஓடி வந்தன. மிளகியின் வளையிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை. அங்கே கைப்பேசி முன்பே நனைந்து செத்திருந்தது.

செதிலப்பன் சரிவில் இறங்கியது; மிளகியும் பின்னாலேயே ஓடியது. வளைக்கு நேர் மேலே நின்று நகத்தால் பறித்தது. எந்தச் சீட்டிலும் எழுதாத வேலை. ஒரு முழம், இரண்டு முழம் என்று மண் பறந்தது. கடைசியில் ஓட்டை விழுந்தது.

உள்ளே ஐந்து குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. கழுத்துவரை தண்ணீர். மூத்த குட்டி, கடைசிக் குட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. மேலே தெரிந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பல் கிட்டிக்கக் கேட்டது.

"அம்மா, கைப்பேசி இன்னும் கத்தலையே. வெளியே வரலாமா?"

செதிலப்பன் ஒவ்வொன்றாக வாலைப் பிடித்து வெளியே இழுத்தது. ஐந்தும் பிழைத்தன. கடைசிக் குட்டி நெடுநேரம் இருமியது.

மழை விட்டதும் மிளகி மெல்லக் கேட்டது. "பத்து நாளா என் குட்டிங்க உயிரு யாருக்காகக் காத்துக்கிட்டிருந்துச்சு, அண்ணே?"

"எனக்காகத்தான் தங்கச்சி" என்றது செதிலப்பன். அழுதது.

மறுநாள் கரிச்சான் வந்து பார்த்து அதிர்ந்துபோனது. "என்னப்பா! பலகையில மூணே கட்டம்தான் இருக்கு! மேலிடம் எங்கே?"

"வெள்ளத்தோட போச்சு" என்று சொல்லிவிட்டு, செதிலப்பன் மண்வெட்டப் போனது.

செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. கட்டங்கள் அவ்வளவுதான். நடுக் கட்டத்தில் ஒரே ஒரு சீட்டு, வண்ணம் இல்லாமல் இருந்தது: "மிளகிக்கு மேட்டில் வளை."

தனியாக வேலை செய்கிறவர் தன் அளவுக்குத்தான் திட்டம் போட வேண்டும்; பெரிய கூட்டத்தின் திட்டத்தை இரவல் வாங்கினால், தனக்காகத் தானே காத்துக் கிடந்து, தன்னை நம்பியவர்களை வெள்ளத்தில் விட்டுவிடுவார்.