காராம்பட்டியார் ரோமாபுரியைக் கேட்டு வந்த கதை

காராம்பட்டி வயது வந்தோர் கல்விச் சங்கத்தைப் பற்றி இதுவரை கேள்விப்படாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மொத்தம் பதினாலு பேர். வருஷத்துக்கு ஒரு பாடம் என்று எடுத்துக்கொண்டு படிப்பார்கள். அவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொல்லிக்கொடுக்கிறவர் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள், கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அவர்கள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு குணத்தால் வந்ததுதான்.

போன வருஷப் பாடம் தேனீ வளர்ப்பு. "நான் வர்ற வரைக்கும் ஆடாம அசையாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வாத்தியார் டீ குடிக்கப் போனார். போன இடத்தில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்தார், அப்படியே அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். சாயங்காலம் ஞாபகம் வந்து ஓடிவந்து பார்த்தால் பதினாலு பேரும் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றார்கள். முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியவில்லை. சட்டையை வைத்துத்தான் வருகைப் பதிவு எடுத்தார்.

பாடம் முடிந்ததும் சங்கத்தின் செயலாளர் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் கூட்டி, கற்றுக்கொண்டு வந்ததை ஒரு மணி நேரம் பேச வேண்டும். அது காராம்பட்டி வழக்கம். செயலாளர் கோதண்டம் ரயில்வே கேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மணி அடித்தால் சாத்துவார், மணி அடித்தால் திறப்பார். மைக் முன்னால் நிற்பது அதைப் போல இல்லை. போன வருஷம் மேடையேறி "தேனீ" என்றார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் "தேனீ" என்றார். பத்தொன்பது நிமிஷம் அந்த ஒரு வார்த்தையையே சொல்லிவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து அவர் தெருவில் நடந்தால் பெரியவர்கள்கூட வாய்க்குள் ரீங்காரம் போடுகிறார்கள்.

கோதண்டத்துக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இந்த வருஷமும் மேடையில் வாய் திறக்கவில்லை என்றால் சங்கத்தை விட்டே விலகிவிடுவது, டீக்கடைப் பக்கமே தலை காட்டுவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். இந்தத் தடவை வாத்தியார் வாயிலிருந்து விழுகிற ஒரு சொல்லைக்கூட விடக் கூடாது.

பாடம் ரோமாபுரி. பழைய ரோமாபுரியின் சரித்திரத்தையும் சிற்பங்களையும் நேரிலேயே போய்ப் படித்துவிட்டு வருவது என்று தலைவர் இருதயராஜ் அறிவித்தார். அவர் கம்பவுண்டராக இருந்தவர், எதையும் மூணு வேளை சொல்வார்.

ரோமில் அவர்களை அழைத்துப் போக வந்தவள் பைரவி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி அங்கேயே குடியிருக்கிறாள். சரித்திரம் படித்தவள், கெட்டிக்காரி. கையில் நீளமான கம்பு, அதன் நுனியில் மஞ்சள் கொடி. கழுத்துப் பட்டையில் சின்ன மைக். ஆளுக்கொரு காதுக் கருவியைக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்:

"மூணே மூணு விஷயம். இந்தக் கொடியை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க, கூட்டத்துல தொலைஞ்சு போயிருவீங்க. காதுல மாட்டினதைக் கழட்டாதீங்க, நான் பேசறதெல்லாம் அதுலதான் கேக்கும். நான் சொல்றபடி செஞ்சீங்கன்னா போதும், வேற ஒண்ணுமே வேண்டாம்."

பதினாலு தலைகளும் ஆடின. கோதண்டம் மூன்றையும் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

முதல் நாள் காலை கொலோசியம். வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற கட்டடம். அதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். காராம்பட்டியார் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினாலு பேர் அண்ணாந்து ஒரே இடத்தைப் பார்ப்பதைக் கண்டு, அங்கே என்னவோ இருக்கிறது போல என்று நினைத்து வேற்று நாட்டுக்காரர்கள் சிலரும் கட்டடத்தை விட்டுவிட்டுக் கொடியைப் படம் எடுத்தார்கள்.

"ஓரம் தைச்சது சரியில்லை" என்றார் சுலோச்சனா டீச்சர். தையல் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். "ஒத்தத் தையல்தான் போட்டிருக்காங்க."

"அந்தக் காலத்துல அவ்வளவுதான் முடிஞ்சிருக்கும்" என்றார் காதர் ராவுத்தர், பெரிய மனசோடு.

வெளியே வந்ததும் பைரவி ஆவலாகக் கேட்டாள். "எப்படிங்க சார் இருந்துச்சு?"

"நல்ல மஞ்சளும்மா" என்றார் கோதண்டம். காலை வெயிலில் கல் மஞ்சளாகத் தெரிந்ததைச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த நிறத்தைக் கவனித்துச் சொன்ன முதல் ஆள் இவர்தான் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் கோதண்டம் சந்தோஷமாக இல்லை. அவள் சொன்ன ராஜாக்கள் பெயரெல்லாம் ஒரு முழ நீளம். முதல் பெயரை எழுதி முடிப்பதற்குள் நாலு ராஜாக்கள் செத்துப்போனார்கள். காலை முழுக்கக் கேட்டதில் ஒரே ஒரு வரிதான் தேறியது: "இவ்வளவு பெரிய சாம்ராஜ்யம் வெளியாளால மட்டும் விழலை, உள்ளுக்குள்ள சண்டை வந்துதான் விழுந்தது." ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரி எப்படிப் போதும்?

மத்தியானம் பழைய கடைவீதி இடிபாடுகளில் எல்லாரையும் நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பைரவி நாற்பதடி தள்ளிப் போனாள். கொடிக்கம்பைக் கல்லில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள். கழுத்து மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். கண்ணைக் கொடியில் வைத்திருந்தவர்கள் அவள் கையில் இருந்த போனைப் பார்க்கவில்லை. காதில் மட்டும் குரல் கணீரென்று வந்தது.

"உங்கம்மாவைக் கேக்காம நீங்க ஒரு முடிவும் எடுக்க மாட்டீங்களா?"

கோதண்டம் பேனாவைப் பிடித்தார். எவ்வளவு தெளிவான பாடம். முழ நீளப் பெயர் எதுவுமே இல்லை.

"யாரைச் சொல்லுது?" என்று ராவுத்தர் மெல்லக் கேட்டார்.

"பேரரசரைத்தான்" என்றார் இருதயராஜ். "பேரரசரைத்தான். வேற யாரு, பேரரசரைத்தான்."

"அம்மா பேச்சைத் தட்டாத ராஜா" என்று கோதண்டம் எழுதிக்கொண்டார்.

"அவங்க வந்ததுல இருந்து இந்த வீட்டுல நிம்மதி இருக்கா?" என்றது குரல். அப்புறம், "சரி, அதை விடுங்க. பால் தீந்துபோச்சு. இப்பவே கிளம்பிப் போய் ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வாங்க."

பதினாலு பேரும் எழுந்தார்கள். சொன்னபடி செய்யணும், அது மூணாவது விதி. ஆனால் பால் கடை இருந்தது பின்பக்கத் தெருவில், கொடி இருந்தது முன்பக்கம். முதல் விதி என்னாவது? இதை வைத்து ஐந்து நிமிஷம் விவாதம் நடந்தது.

"பாதிப் பேர் கொடியைப் பார்ப்போம், பாதிப் பேர் பால் வாங்குவோம்" என்றார் சுலோச்சனா டீச்சர்.

"அப்போ பாதிப் பேர் முதல் விதியை மீறுவோம், மீதிப் பேர் மூணாவது விதியை மீறுவோம்" என்றார் ராவுத்தர். "அதுக்குப் பதிலா எல்லாரும் பின்பக்கமா நடந்து போனா ஒண்ணும் கெடாது."

நியாயமாகத்தான் பட்டது. ரெண்டாயிரம் வருஷத்துக் கல் பாதையில் பதினாலு பேர் கொடியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தார்கள். கொடி மறைகிற இடத்தில் கழுத்தில் போட்டிருந்த பைனாகுலரை இருதயராஜ் கண்ணில் வைத்துக்கொண்டு சந்து முனையிலேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே கடைக்குள் போய், பின்பக்கமாகக் கையை நீட்டிப் பால் வாங்கினார்கள்.

பைரவி போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஆளுக்கு ரெண்டு லிட்டர் பாலோடு வரிசையாக நிற்கிறார்கள்.

"எதுக்குங்க இவ்வளவு பால்?"

"நீங்க சொன்னபடிதாம்மா" என்றார் கோதண்டம் பணிவாக.

அவளுக்குப் புரியவில்லை. பின்னால் இருந்த பழைய கோயிலைத் திரும்பிப் பார்த்தாள், அபிஷேகம் செய்யப் போகிறார்கள் என்று பயந்துவிட்டாள். "இங்க சிலைக்கெல்லாம் பால் ஊத்தக் கூடாதுங்க, போலீஸ் பிடிச்சிரும். நீங்களே குடிச்சிருங்க" என்றாள். குடித்தார்கள். இருபத்தெட்டு லிட்டர். சாயங்காலம் போக வேண்டிய ஓவியக்கூடத்துக்கு ஒருத்தராலும் போக முடியவில்லை.

ரெண்டாம் நாள் பழங்காலத்துக் குளியல் கூடம். கோயில் மாதிரி பெரிய இடம், கூரை மட்டும் இல்லை. ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒன்றாகக் குளித்த கதையைச் சொல்லி முடித்துப் பைரவி மறுபடியும் போனோடு ஒரு தூணுக்குப் பின்னால் போனாள். கோதண்டம் நோட்டைத் திறந்து தயாராக வைத்தார். காதில் குரல் வந்தது.

"தம்பிக்குச் சட்டையைக் கழட்டி விடுங்க. தலையை நல்லாத் துவட்டுங்க, சளி பிடிக்கும்."

"தம்பி யாரு?" என்றார் இருதயராஜ். "இங்க தம்பி யாரு?"

இருப்பதிலேயே சின்னவர் மாணிக்கவாசகம். அவருக்கு ஐம்பத்தொன்பது. மற்றவர்கள் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் அவரே சட்டைப் பித்தானைக் கழற்றத் தொடங்கினார். "நீங்க கழட்டக் கூடாது. கழட்டி விடுங்கன்னுதான் சொன்னாங்க" என்று ராவுத்தர் அவர் கையைத் தட்டிவிட்டார். நாலு பேர் சட்டையைக் கழற்றினார்கள். ஆறு பேர் துண்டால் தலையைத் துவட்டினார்கள். மாணிக்கவாசகத்தின் தலையில் முடி கிடையாது, அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லையே என்று தொடர்ந்து துவட்டினார்கள்.

காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான். பின்னாலேயே பைரவியும் வந்தாள்.

"என்னங்க நடக்குது இங்க?"

"தம்பிக்குச் சளி பிடிக்கக் கூடாதும்மா" என்றார் சுலோச்சனா டீச்சர்.

இது இவர்கள் ஊர்ச் சடங்கு என்று காவலாளியிடம் சொல்லி அவள் சமாளித்தாள். அவன் தொப்பியைக் கழற்றி மாணிக்கவாசகத்துக்கு மரியாதை செய்துவிட்டுப் போனான்.

கடைசி நாள் விமான நிலையம் போகிற பஸ்ஸில் முன் இருக்கையில் பைரவி போனில் பேசிக்கொண்டே வந்தாள். மெல்லத்தான் பேசினாள், ஆனால் பதினாலு காதுகளுக்குள்ளும் பேசினாள். "இனிமே என்னால முடியாதுங்க. இந்த வீட்டுல ஒண்ணு உங்கம்மா இருக்கணும், இல்லைன்னா நான் இருக்கணும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிவு சொல்லுங்க."

கோதண்டம் எழுதிய வேகத்தில் பேனா தாளைக் கிழித்தது. பஸ் நின்றது. பைரவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகக் காதுக் கருவிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கோதண்டம் தன்னுடையதைக் கொடுக்க மனசே இல்லாமல் கொடுத்தார். முடிவு தெரியாமல் ஊருக்குப் போவது அவருக்கு அழுகையாக வந்தது.

காராம்பட்டிப் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே திரண்டிருந்தது. கோதண்டம் மேடை ஏறியதும் பின்வரிசையில் ரீங்காரம் கேட்டது. அவர் நோட்டைத் திறந்து முதல் வரியை வாசித்தார். "ரோமாபுரிப் பேரரசர் அம்மாவைக் கேக்காம ஒரு முடிவும் எடுக்க மாட்டார்."

ரீங்காரம் நின்றது.

அதற்கப்புறம் அவருக்கு நோட்டே தேவைப்படவில்லை. மாமியார் வந்து இறங்கியது, அரண்மனையில் பால் தீர்ந்தது, இளவரசனுக்குச் சளி பிடிக்கப் பார்த்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிழவர்கள் பெஞ்சு நுனிக்கு நகர்ந்தார்கள். ஒரு மணி நேரம் ஒரு நிமிஷம் போலப் போனது. ஆனால், "இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிவு சொல்லுங்க" என்று மகாராணி கெடு வைத்த இடத்தில் கோதண்டம் நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம்?" என்றது கூட்டம்.

"அதுக்கு மேல தெரியாது."

ஒருத்தரும் எழுந்து போகவில்லை. முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார்கள். பின்வரிசையில் மறுபடியும் ரீங்காரம் லேசாக ஆரம்பித்தது. கோதண்டம் போனை எடுத்துப் பைரவிக்குப் போட்டார். ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அம்மா, நான் காராம்பட்டி கோதண்டம். கடைசியில ரோமாபுரி சாம்ராஜ்யம் என்னாச்சும்மா?"

"அதுவா சார், விழுந்துபோச்சே" என்றாள் பைரவி. "உள்ளுக்குள்ள சண்டைன்னு அன்னைக்கே சொன்னேனே. சார், தம்பி அழறான், அப்புறம் பேசறேன்."

போன் துண்டித்தது. இளவரசன் அழுகிறானாமே என்று ஒரு பெண் விசும்பினாள். இருதயராஜ் எழுந்து, மூணு தரம் தொண்டையைச் செருமி, எல்லாரும் ரெண்டு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஊரே எழுந்து நின்றது. மறுநாள் கடையடைப்பு என்று தீர்மானம் ஆனது. கோதண்டத்தைப் பார்த்து ரீங்காரம் போட்டவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து அவர் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள்.

ராவுத்தருக்குத்தான் மனசு ஆறவே இல்லை.

"போன வியாழக்கிழமை நாங்க பார்க்கும்போதுகூட நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.