தீராத பிஸ்கட் மாவு டப்பா

படு தாயி, படு. உங்கம்மா சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணுவா. தம்பிப் பாப்பாவா தங்கச்சிப் பாப்பாவான்னு அப்பத் தெரிஞ்சுரும். அதுவரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தா வெயில்ல முகம் கருத்துப்போகும். அம்மா வந்து, எம்புள்ளைய என்ன பண்ணி வச்சீங்கப்பான்னு என்னையத்தான் வைவா. வா, இப்படி என் கைமேல தலைய வச்சுக்க. ஒரு கதை சொல்றேன். ஆனா ஒண்ணு, நீ நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நிறுத்திருவேன்.

"ம்."

இன்னும் ஆரம்பிக்கவே இல்லடி! சரி. ஒரு ஊர்ல ஒரு கொத்தனாரு. பேரு சங்கிலி. பெரிய வாய்க்காரன். "நான் கட்டுன சுவத்துல தூக்குக் குண்டு விட்டுப் பாரு, ஒரு நூல் வெலகாது"ன்னு டீக்கடையில நின்னு அளப்பான். அளந்தாலும் வேலை சுத்தம், அதையும் சொல்லணும்ல.

"உன் பேருதானே தாத்தா சங்கிலி?"

ஊருக்குப் பத்து சங்கிலி இருப்பான். கதையைக் கேளு. அந்தக் கொத்தனாருக்கு ஒரு பொண்டாட்டி, வெள்ளத்தாயி. அவன் கட்டுற கட்டடத்துலயே அவ சித்தாள். இவன் சாரத்துல நின்னு, "கலவை!"ன்னு கத்துவான். அவ அதுக்கு முன்னாடியே சட்டியோட ஏணியில நிப்பா. அப்புறம் அவங்களுக்கு ஒரே ஒரு பொம்பளப்புள்ள. நாலு வயசு. பேரு பூங்கொடி.

"ஐ! எங்கம்மா பேரு!"

அப்படியா? என்ன ஒத்துமை பாரேன்.

இந்த வெள்ளத்தாயி ஒருதடவை பேக்கரிக்கு அடுப்பு கட்டுற வேலைக்குப் போயிருந்தா. அங்க பேக்கரி மாஸ்டர் பிஸ்கட்டுக்கு மாவு சேக்குறதை மண் சுமந்துக்கிட்டே பாத்து வச்சுக்கிட்டா. அவ கண்ணுல ஒண்ணு பட்டா அவ்வளவுதான், தப்பாது. அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ரேஷன் கோதுமையைப் புடைச்சு, காயவச்சு, மில்லுல அரைச்சுட்டு வந்து, பிஸ்கட்டுக்கு மாவு கலந்து ஒரு தகர டப்பாவுல போட்டு வச்சிருவா. பெரிய டப்பா. மூடி கெட்டியா இருக்கும். திறந்தா "டொப்"புன்னு ஒரு சத்தம்.

"டொப்!"

ஆங், அப்படித்தான். வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு ஒடம்பெல்லாம் சிமெண்டோட வருவாளா, புள்ள வாசல்லயே, "அம்மா பிஸ்கட்டு"ன்னு நிக்கும். அப்போ டப்பாவை டொப்புன்னு திறப்பா. ஒரு பிடி மாவு, ரெண்டு கரண்டி பால். தட்டி, தட்டுல வச்சு, சுடுமணல் போட்ட சட்டிக்குள்ள இறக்கி, மூடி மேல நாலு கங்கு அள்ளிப் போடுவா. கொஞ்ச நேரத்துல தெருவே மணக்கும். அந்த வாசனை இருக்கே தாயி... இன்னும் இந்த மூக்கை விட்டுப் போகல.

"ம்."

அப்புறம் ஒருநாள், வெள்ளத்தாயிக்கு வயித்துல கட்டின்னு சொல்லிட்டாங்க. மதுரைக்குப் போயி ஆபரேஷன் பண்ணணும். துணைக்கு அவ ஆத்தா. புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. புள்ள, "நானும் வருவேன்"னு சேலையைப் பிடிச்சுக்கிட்டு விடல. அப்போ வெள்ளத்தாயி என்ன பண்ணுனா? டப்பா நிறைய மாவு கலந்தா. புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, "இங்க பாரு, தினம் ஒரு பிடி அப்பா உனக்கு பிஸ்கட் சுட்டுத் தருவாரு. இந்த டப்பா தீர்றதுக்குள்ள அம்மா வந்துருவேன்"னா. புள்ளையும் சேலையை விட்டுருச்சு.

கொத்தனாருகிட்ட, "ஏங்க, பிசையாதீங்க, சும்மா சேத்துப் பிடிச்சா போதும்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா. இவனுக்கு அது காதுலயா ஏறும்? மாவு கலக்க எனக்கே சொல்லிக் குடுக்குறியான்னு நினைச்சுக்கிட்டான். ஊரையே கலவை போட்டுக் கட்டுனவனாச்சே!

முத நாள். மாவைத் தாம்பாளத்துல கொட்டி, நடுவுல குழி வெட்டி, பாலை ஊத்தி, சளக் சளக்குன்னு ஒரு மணி நேரம் பிசைஞ்சான். சுவரு பூசுற கரணையை எடுத்து மட்டம் வேற தட்டுனான். சுட்டு எடுத்தா, கீழ போட்டா "டங்"குன்னு சத்தம். பக்கத்து வீட்டு நாயி மோந்து பாத்துட்டு கும்பிடு போட்டுட்டுப் போயிருச்சு.

"ஹி ஹி. நாய் எப்படித் தாத்தா கும்பிடும்?"

அன்னைக்குக் கும்பிட்டுச்சு. ரெண்டாம் நாள் பிஸ்கட்டுல விரிசல் விட்டுருச்சு. விரிசல் விட்டா கொத்தனாரு என்ன பண்ணுவான்? தண்ணி தெளிச்சு ஈரத்துணியைப் போத்தி வச்சான்! புதுசாப் பூசுன சுவத்துக்குப் பண்ற மாதிரியே. அது சொதசொதன்னு கூழாப் போச்சு. மூணாம் நாள், சூடு பத்தலை போலருக்குன்னு செங்கச் சூளை கணக்கா தீயை மூட்டிவிட்டான். பிஸ்கட்டும் செங்கலாத்தான் வந்துச்சு, கறுப்புச் செங்கல். புள்ள பாத்துச்சு. "அப்பா, அம்மா மாதிரி மெதுவாத் தட்டுப்பா"ன்னு ஒரே வார்த்தைதான் சொல்லுச்சு. நாலாம் நாள் அப்படித் தட்டினான், சரியா வந்துருச்சு. நாலு வயசுப் புள்ளைக்குத் தெரிஞ்சது அந்தப் பெரிய வாய்க்காரனுக்குத் தெரியல!

"அப்புறம்?"

அப்புறம் நல்லாத்தான் போச்சு. தினம் காலையில புள்ள எந்திரிச்சதும் டப்பாவைத் திறந்து பாக்கும். டொப். உள்ள கையை விட்டு அளக்கும். மாவு முழங்கைக்குக் கீழ, மணிக்கட்டுக்குக் கீழன்னு குறையக் குறைய அதுக்கு ஒரே சந்தோஷம். "அப்பா, அம்மா கிட்டக்க வந்துருச்சு"ன்னு சொல்லும்.

ஆனா கொத்தனாருக்கு மளிகைக்கடைப் போனுக்கு ஒரு சேதி வந்துச்சு. ஆபரேஷன் முடிஞ்சுது, உசிருக்கு ஒண்ணுமில்ல, ஆனா புண்ணு ஆற இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு. இதை எப்படிப் புள்ளைகிட்டச் சொல்றது? இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு தள்ளிப் போட்டான். சுவரு கட்டத் தெரிஞ்ச பயலுக்கு வாயைத் திறக்கத் தெரியல.

"ம்."

ஒருநாள் காலையில கொல்லைப்பக்கம் ஒரே கீச்சு கீச்சுன்னு சத்தம். போயி எட்டிப் பாத்தா, அம்பது குருவி! தரையெல்லாம் மாவு. எறும்பு வேற வரிசை கட்டி வருது. வீட்டுக்குள்ள ஓடி வந்து டப்பாவைப் பாத்தா, சுத்தமாக் காலி. புள்ளைய எங்கன்னு தேடுறான். அது தீபாவளிக்கு எடுத்த மஞ்சக் கவுனைத் தானே போட்டுக்கிட்டு, முகம் பூரா பவுடரை அப்பிக்கிட்டு, வாசப்படியில உக்காந்திருக்கு. "டப்பா தீந்துருச்சுப்பா. அம்மா இப்ப வரும்"னுச்சு.

அன்னைக்குக் கொத்தனாரு வேலைக்கே போகல தாயி.

ஒம்பது மணி பஸ்ஸு வந்துச்சு, பாம் பாம்னு. புள்ள எந்திரிச்சு நின்னுச்சு. ரெண்டு பேரு இறங்குனாங்க. அம்மா இல்ல. பதினோரு மணி பஸ்ஸு வந்துச்சு, பாம் பாம். ஒரு கிழவி மட்டும் கூடையோட இறங்குச்சு. அம்மா இல்ல. ஒரு மணி பஸ்ஸு வந்துச்சு. அது நிக்கக்கூட இல்ல, சர்ருன்னு போயிருச்சு.

புள்ள அழல. அழுதிருந்தாத் தேவல. கவுன்ல ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கிட்டே, "அம்மா பொய் சொல்லிருச்சு"ன்னுச்சு.

"பாவம் தாத்தா."

ஆமா, பாவம். அந்த வார்த்தையைக் கேட்டு அவன் பட்டது அவனுக்குத்தான் தெரியும். பொண்டாட்டி அங்க தையலோட கெடக்குறா, அவ பேருல பொய் ஒட்டிக்கிச்சே. அதுவும் இவன் வாயை மூடிக்கிட்டு இருந்ததால. அப்பத்தான் புள்ளைய மடியில தூக்கி வச்சு, நடந்ததைச் சொன்னான். "அம்மா பொய் சொல்லல. புண்ணு ஆறல. நாந்தான் உங்கிட்டச் சொல்லாம மறைச்சுட்டேன். அவ வர்ற வரைக்கும் டப்பா தீரக்கூடாது, அவ்வளவுதானே? வா, நம்ம ரெண்டு பேரும் தீர விடாமப் பாத்துக்குவோம்."

சொல்லிட்டானே ஒழிய, மாவை எப்படிக் கலக்குறதுன்னு அவனுக்கு என்ன தெரியும்? மில்லுக்குப் போயி கோதுமையை அரைச்சு வந்தான். வந்ததும் வராததுமா மணல் சலிக்கிற மாதிரி சல்லடையைத் தூக்குனான். புள்ள ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிச்சு. "சலிக்காதப்பா! தவிட்டோடதான் அம்மா போடும்."

"சரி, அப்புறம்?"னு கேட்டான் கொத்தனாரு.

"பொடிச்ச சீனி. ஏலக்காய். சோடா இத்துணூண்டு, உப்பு இத்துணூண்டு"ன்னுச்சு புள்ள.

"அப்புறம்?"

"நாலு டம்ளரு மாவுக்கு ஒரு டம்ளரு டால்டா. அம்மா ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணும். நானும் எண்ணுவேன்."

கொத்தனாரு அப்படியே உக்காந்துட்டான். நாலுக்கு ஒண்ணு! அது பூச்சுவேலைக் கலவைடி! நாலு சட்டி மணலுக்கு ஒரு சட்டி சிமெண்டு. அவன் சாரத்துல நின்னு ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துன கணக்கு. பேக்கரி மாஸ்டரு கிலோவுல நிறுத்தாரு. தராசு இல்லாத வெள்ளத்தாயி அதைப் புருசன் கணக்குல போட்டுப் பாத்திருக்கா, சரியா வந்துருச்சு. கையில தண்ணி படாம முதல்ல வறட்டுக் கலவையாக் கலந்து வச்சுக்க, வேணுங்கறப்போ ஈரம் காட்டுன்னு எல்லாமே அவனோட கொத்தனார் வேலைதான். இத்தனை வருஷம் அந்த பிஸ்கட்டைத் தின்னுட்டு, அதுக்குள்ள தான் இருக்கோம்னு அவனுக்குத் தெரியவே இல்ல.

"ம்."

அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து டால்டாவை மாவுல விட்டு, விரல் நுனியால பிசறு பிசறுன்னு பிசறுனாங்க. உள்ளங்கை படக்கூடாது, சூட்டுல உருகிரும். புள்ள ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிச்சு நீட்டுச்சு. "பிடிச்சா நிக்கணும்ப்பா. தட்டுனா உதிரணும்." தட்டுச்சு. பொலபொலன்னு உதிர்ந்துச்சு. டப்பாவுல போட்டு மூடுனாங்க. அதுக்கப்புறம் தினம் காலையில புள்ள டப்பாவைத் திறந்து பாக்கும். குறைஞ்சிருந்தா, "அப்பா, மாவு!"ன்னு கத்தும். அவன் சாரத்துல நின்னு "கலவை!"ன்னு கத்துவான்ல, அதே தொண்டை.

அப்புறம் ஒருநாள் பதினோரு மணி பஸ்ஸு, பாம் பாம். வெள்ளத்தாயி இறங்குனா. பாதி ஆளாப் போயிருந்தா. தையல் இருக்கு, புள்ளையத் தூக்க முடியல. அதனால புள்ள அவ விரலைப் பிடிச்சு நேரா அடுப்படிக்கு இழுத்துட்டுப் போயி டப்பாவைத் திறந்துச்சு. டொப்! விளிம்பு வரைக்கும் மாவு.

"என்னடி இது? நான் வச்சுட்டுப் போனதைவிடக் கூட இருக்கு?"

ஒரு பிடி எடுத்தா. பிடிச்சுப் பாத்தா, நின்னுச்சு. தட்டுனா, உதிர்ந்துச்சு. அப்புறம் திரும்பிக் கொத்தனாரை ஒரு பார்வை பாத்தா. நான் கட்டுன எந்தச் சுவத்தையும் அவ அப்படிப் பாத்ததில்ல.

"ஐ! நான் கட்டுனன்னு சொல்லிட்டே! மாட்டிக்கிட்டியா தாத்தா!"

மாட்டிக்கிட்டேன், மாட்டிக்கிட்டேன். உங்க பாட்டிகிட்டயும் இப்படித்தான் எப்பவும் மாட்டிக்குவேன்.

"பாட்டி போட்டோவுக்குப் போயிட்டாங்கல்ல?"

ஆமா தாயி. மூணு வருஷம் ஆச்சு.

"அப்ப அந்த டப்பா?"

அடுப்படியில மேல் பலகையில இருக்குல்ல, துருப்பிடிச்ச மூடி, அதுதான். நேத்து நீ தின்ன பிஸ்கட்டு அதுலருந்துதான்.

"அப்ப அதுல மாவு இருக்கா?"

இருக்கு. உங்க பாட்டி போனதுலருந்து ஒருநாளும் அதை நான் தீர விட்டதில்ல. பாதிக்கு வந்தாலே மில்லுக்குக் கிளம்பிருவேன். அவ வரமாட்டான்னு எனக்குத் தெரியும், நான் என்ன பைத்தியமா? ஆனா அந்த டப்பா காலியாக் கெடக்குறதை மட்டும் என்னால பாக்க முடியாதுடி.

"ம்..."

கண்ணு சொக்குதா? இன்னும் கொஞ்சம்தான். நேத்து உங்கம்மாவுக்கு வலி எடுத்துச்சுல்ல, வாசல்ல ஆட்டோ நின்னுக்கிட்டு பாம் பாம்னு அடிச்சான்ல. உங்கப்பன் பையைத் தூக்கிட்டு, "வா, வா"ன்னு அவசரப்படுத்துறான். அப்போ உங்கம்மா என்ன பண்ணுனா தெரியுமா? இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து அடுப்படிக்குப் போனா. எனக்கு டொப்புன்னு சத்தம் கேட்டுச்சு. உள்ள கையை விட்டு அளந்து பாத்திருக்கா. வெளிய வந்து, "நெறஞ்சிருக்குப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு ஏறிப் போனா.

"..."

கனி? அடியே கனிக்குட்டி?

ம் கொட்டலையே. சரி, சரி. கதை டப்பாவுக்குள்ள போயிருச்சு, டொப்புன்னு மூடியும் போட்டாச்சு. நீ தூங்கு தாயி, மாவை நான் பாத்துக்கறேன்.