கமுகு மரத்து மஞ்சள்தாடி

‘அசையாமல் இருப்பவனைப் பகைவன் காணமாட்டான்…’ என்று கிழட்டுப் பறக்கும் ஓணான் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குமேலும் ஏதோ சொல்லும். அந்த மீதிப் பாதிதான் மஞ்சள்தாடிக்கு மறந்துபோயிற்று.

மஞ்சள்தாடியும் பறக்கும் ஓணான்தான். மலையடிவாரத் தோப்பில் ஒரு கமுகு மரம் அவன் வீடு. பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு, மரமேறும் முசுறு எறும்புகளை விழுங்குவான். கழுத்தடியில் மடித்து வைத்த மஞ்சள் தாடியை மட்டும் விரிக்கவே மாட்டான். விரித்தால் ஓணான் தின்னும் வால்காக்கை பார்த்துவிடும்.

“ஒரே ஒரு தடவை காட்டேன், ராசா! அவ்வளவு அழகாமே!” என்று வால்காக்கை தினமும் மரம் மரமாகத் தேடிக் கெஞ்சும்.

பட்டை பதில் சொல்லுமா?

பாக்குப் பறிக்கும் ஏசுவடியான் ஒரு மரத்தில் ஏறினால், அதை ஆட்டி ஆட்டி அடுத்ததற்குத் தாவிவிடுவார். நடுவில் முசுறு கடித்தால் கை நழுவும். மஞ்சள்தாடியின் மரத்தில் மட்டும் கடியே இல்லை.

“முசுறு ஏறாம நான் தூவின சாம்பல் இந்த மரத்துலதான் வேலை செய்யுது!” என்பார்.

“தின்பது நான், பேர் சாம்பலுக்கா!” என்று மஞ்சள்தாடி முணுமுணுப்பான். அசையமாட்டான்.

ஒரு நாள் பக்கத்து மரத்து முசுறு ஏசுவடியானின் இமையைக் கடித்தது. ஒற்றைக் கையில் தொங்கி, எப்படியோ இறங்கினார்.

“சாம்பலாவது மண்ணாவது! தோப்பு முழுக்க விஷ மருந்து அடிச்சாத்தான் தீரும்!” என்று மருந்து டின்னோடு வந்தார்.

அணில் பதறியது. “ஓய், மருந்து விழுந்தா முசுறும் சாவும், நீரும் சாவீர்! பறந்து போயிரும்!”

“எங்கே போக? சுத்திலும் ரப்பர் மரமாச்சே, அதுல எனக்கு ஏது இரை!”

“அப்போ உம்மை அந்த மனுசனுக்குக் காட்டும்!”

“காட்டினா வால்காக்கையும் பாக்குமே!”

“பாக்கும்தான். அதுக்கும் கண்ணு இருக்கே!”

அப்போதுதான் அந்த மீதிப் பாதி நினைவுக்கு வந்தது: ‘…துணைவனும் காணமாட்டான்.’

மஞ்சள்தாடி சிறகை விரித்தான். ஏசுவடியானின் மூக்குக்கு முன்னால் மிதந்து, அவரை முசுறு கடித்த மரத்திலேயே இறங்கினான். தாடியைப் பளிச்சென்று விரித்தான். முசுறு வரிசையை மளமளவென்று விழுங்கினான்.

“ஆகா, அகப்பட்டான் ராசா!” வால்காக்கை பாய்ந்தது.

“சீ, போ!” ஏசுவடியான் தலைத்துண்டை உருவி வீசினார். வால்காக்கை அலறிப் பறந்தது. அவர் மரத்தையே பார்த்து நின்றார். “அடே, சாம்பல்னுல்லா நெனச்சேன்! நீதானா வே அது?”

மருந்து டின் கடைக்கே திரும்பிப் போனது.

ஒளிந்தே வாழ்பவனைப் பகைவனும் காணான், துணைவனும் காணான்.

ஏசுவடியான் மரத்தில் இருக்கும்போது மட்டும் தாடியை விரிப்பது என்று மஞ்சள்தாடி முடிவு செய்தான்.