ஆளில்லாத அட்டவணை

கும்பகோணத்தில் ஒரு திருமணத் தகவல் மையம். அங்கே கணினி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள் தமயந்தி. ஒருநாள் அரிசி ஆலைக்காரர் அரங்கநாயகம் மனைவியோடு வந்து மகளுக்கு மாப்பிள்ளை கேட்டார். ஆறடி உயரம், சொந்த வீடு, கூடப் பிறந்தவர் இருக்கக்கூடாது, கண்ணாடி போடக்கூடாது என்று நிபந்தனைகளை அடுக்கினார்.

தமயந்தி அத்தனையையும் கணினி தேடுவதற்கான ஒரு வினவலாக எழுதினாள். தேறுகிற வரன்களை, மையத்தின் எல்லா வரன்களும் பதிவான தரவுத்தளத்திலேயே புது அட்டவணையாக்க, பைத்தான் என்ற கணினி மொழியின் நிரல் நூலகம் ஒன்றை ஓடவிட்டாள். அட்டவணை வந்தது. தலைப்புகள் இருந்தன, ஆள் ஒருவரும் இல்லை.

“உனக்கு வேலை தெரியலை. மேனேஜர்கிட்ட சொல்லி உன்னை வேலையை விட்டே அனுப்பிடுறேன்!” என்று கத்தினார் அரங்கநாயகம்.

“கோபப்படாதீங்க சார். நல்ல மாப்பிள்ளைன்னு நமக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஒருத்தரைச் சேர்த்துச் சோதிச்சுடலாம்,” என்றாள் தமயந்தி. அவர் மனைவி கோமளத்திடம் மெல்ல விவரம் கேட்டுக் கணினியில் தட்டினாள். மறுபடி ஓடவிட்டாள். அட்டவணை காலியாகவே வந்தது.

“யாரைச் சேர்த்தே?”

“கல்யாணத்தப்போ இருந்த உங்களைத்தான் சார்.”

கோமளம் விழுந்து விழுந்து சிரித்தார். “எங்க அப்பா நிபந்தனையே போடலைங்க. அதான் நீங்க தேறினீங்க!”

அரங்கநாயகத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “எல்லாத்தையும் எடுத்துடும்மா. பையன் நல்லவனான்னு மட்டும் கேளு.”

“அதுக்கு இந்த அட்டவணையில கட்டமே இல்லை சார். நீங்கதான் நேர்ல பழகிப் பார்க்கணும்.”