நாமக்கோழியின் சாட்சி

அந்த ஏரியில் நாமக்கோழியாருக்குத்தான் முதல் மரியாதை. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை நாமம். எந்த மழையிலும் அது அழியாது. இப்படி ஒரு நெற்றி வாய்த்தவருக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? பரம்பரை பரம்பரையாக அவர் குடும்பம்தான் ஏரியம்மனுக்குப் பூசை செய்து வந்தது.

மதகுக்குப் பக்கத்தில் பாதி முழுகியிருந்த கல்தான் ஏரியம்மன். மழைக்காலம் தொடங்கியதும் ஜோடி சேர்ந்த பறவைகள் அந்தக் கல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். நாமக்கோழியார் முங்கி, ஏரிக்கடியிலிருந்து நீளமாக ஒரு பாசிக் கொடியை எடுத்து வருவார். இரண்டு கழுத்துக்கும் சேர்த்து அதைச் சுற்றுவார். மூன்று முறை கல்லை வலம் வந்தால் கல்யாணம் முடிந்தது.

அதுவரைக்கும் ஒரு வம்பும் இல்லை. வம்பு வந்தது ஆமையாரால்.

ஆமையார்தான் ஏரிக்கு நாட்டாமை. யார் யாருக்குத் துணை என்று குறித்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஆனால் அவர் நடை எல்லோருக்கும் தெரிந்ததுதானே. வடகரையில் ஜோடிகளை எண்ணி முடித்துத் தென்கரைக்கு வந்து சேர்வதற்குள் தென்கரையில் குஞ்சுகளே பறக்கத் தொடங்கிவிடும். அலுத்துப்போன ஆமையார் ஒருநாள் நாமக்கோழியாரின் பாட்டனிடம் சொன்னார்: "நீங்க யாருக்குப் பாசி கட்டறீங்களோ, அவங்கதான் இனிமே சட்டப்படி துணை. எனக்கு அலைச்சல் மிச்சம்."

பாட்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து பாசிக் கயிறே சட்டமும் ஆகிவிட்டது.

நம்முடைய நாமக்கோழியாரும் அதை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. ஐந்து வருஷங்களுக்கு முன்னால் ஒருமுறை மட்டும் யோசிக்க வேண்டி வந்தது. நத்தை குத்தி நாரைகள் இரண்டு அவர் முன்னால் வந்து நின்றன. ஒருத்தி பெயர் தாழை, மற்றவள் குவளை. இரண்டுமே பெண் நாரைகள்.

"எங்களுக்கும் பாசி கட்டணும் சாமி. நாங்க சேர்ந்து இருக்கறதா முடிவு பண்ணிட்டோம்" என்றாள் குவளை.

நாமக்கோழியார் கோபப்படவில்லை. கேலியும் செய்யவில்லை. "அம்மன் ஆணையும் பெண்ணையும்தான் சேர்த்து வெச்சான்னு எங்க பாட்டன் சொல்லிக் கொடுத்தது. நான் நம்பறதும் அதுதான். நம்பாததை அவ முன்னால என்னால செய்ய முடியாதும்மா" என்றார்.

"சரி சாமி" என்று சொல்லிவிட்டு இரண்டும் பறந்துபோயின. சண்டை இல்லை, சாபம் இல்லை. நல்லவேளை, சுலபமாக முடிந்தது என்று நாமக்கோழியார் நிம்மதியாகப் பாசி கொத்தப் போனார். அந்த "சரி சாமி"யை அன்றே மறந்தும்போனார்.

தாழையின் கூடு நீர்க்கடம்பு மரத்தின் உச்சிக் கவையில் இருந்தது. ஏரியிலேயே நல்ல இடம் அது. குவளை அங்கேயே குடிவந்தாள். ஒருத்தி நத்தை தேடப் போனால் மற்றவள் கூட்டில் இருப்பாள். ஐந்து மழைக்காலம் இப்படியே சந்தோஷமாகப் போயிற்று.

ஆறாவது மழைக்காலத்தில், யாரோ விட்டுப்போன தூண்டில் நரம்பில் தாழையின் இறக்கை மாட்டிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கியதில் இறக்கை பிசகிவிட்டது. மரத்துக்குப் பறக்க முடியாமல் நாணல் புதருக்குள் வந்து விழுந்தாள். நாமக்கோழியாரின் மிதக்கும் கூட்டிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

மறுநாளே நீர்க்காகம் உச்சிக் கவைக்கு வந்து ஒரு சுள்ளியை உருவியது.

"என்ன பண்றே? நான் உக்காந்திருக்கேன், கண்ணு தெரியலையா?" என்றாள் குவளை.

"நல்லாத் தெரியுது" என்றது நீர்க்காகம். "ஏரிச் சட்டம் என்ன? கூட்டுக்காரரோ அவரோட துணையோ உக்காந்திருந்தா சுள்ளியைத் தொடக்கூடாது. கூடு தாழையோடது. தாழை இங்க இல்ல. நீ அவளுக்குத் துணையா? பாசி கட்டினீங்களா? அப்படீன்னா இது ஆளில்லாத கூடு." சொல்லிக்கொண்டே இன்னொரு சுள்ளியையும் உருவியது.

குவளைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மேலே காவல் இருந்தாலும் அந்தக் காவல் செல்லாது. கீழே போகாவிட்டால் தாழை பட்டினி. அவள் கீழேயே போனாள். நாளுக்கு நாள் கூடு இளைத்தது.

நீர்க்காகம் சாமர்த்தியசாலி. கூட்டைக் கலைப்பதோடு நிற்காமல், அந்தக் கவையையே தன் பேருக்கு எழுதி வாங்கிவிட வேண்டும் என்று ஆமையாரிடம் மனுப் போட்டது. போட்ட கையோடு நாமக்கோழியாரைப் பார்க்க வந்தது.

"சாமி, உங்க பேரைக் காப்பாத்தத்தான் நான் இவ்வளவு பாடுபடறேன். சபையில நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். 'நான் பாசி கட்டல', அவ்வளவுதான். அம்மன் கல்லுல இருக்கற எச்சத்தையெல்லாம் வருஷம் முழுக்க நானே கழுவி விடறேன்" என்றது.

"நடந்ததைக் கேட்டா நடந்ததைச் சொல்லப்போறேன். அதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றார் நாமக்கோழியார். அந்த எச்சத்தில் பாதி நீர்க்காகம் போட்டதுதான் என்று சொல்ல வாயெடுத்தார். பெரிய மனிதர் ஆயிற்றே, அடக்கிக்கொண்டார்.

அன்று உச்சி வெயில் கொளுத்தியது. நாமக்கோழியார் தன் மனைவிக்குப் பாசி கொண்டு வந்தார். அந்த அம்மாள் முட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தற்செயலாக நாணல் பக்கம் பார்வை போனது.

தாழை சேற்றில் சுருண்டு கிடந்தாள். குவளை அவள் தலைக்கு மேல் இரண்டு இறக்கையையும் விரித்து நின்றிருந்தாள். குஞ்சுக்கு வெயில் படாமல் தாய் நாரை பிடிக்குமே, அந்த மாதிரி. வெயில் நகர நகர அவளும் நகர்ந்தாள். அலகு திறந்து மூச்சு வாங்கியது. ஆனாலும் இறக்கையை மடக்கவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பதினோரு நாளா. நீங்க இப்பத்தான் பார்க்கறீங்களா?" என்றாள் அவள்.

அப்போது மேலே நீர்க்காகம் பறந்து போனது. வாயில் ஒரு நல்ல நீளமான சுள்ளி. அதைத் தன் கூட்டில் வைத்துவிட்டு, "எல்லாம் ஏரியம்மன் கொடுத்தது!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தியது.

நாமக்கோழியாருக்குச் சுருக்கென்றது. அவருடைய அம்மன் என்றைக்குச் சுள்ளி திருடினாள்?

மறுநாள் காலை மதகடியில் சபை கூடியது. ஆமையார் கரையோரப் பாறை ஒன்றின்மேல் ஏறி உட்காரும்வரை எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அதற்கே பாதிக் காலை போய்விட்டது.

நீர்க்காகம் முதலில் பேசியது. "ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து இருந்தா அது துணையா? முட்டை உண்டா, குஞ்சு உண்டா? முட்டையில்லாத கூட்டுக்கு உச்சிக் கவை எதுக்கு?"

கூழைக்கடா தன் பெரிய பையை ஆட்டிக்கொண்டு எழுந்தது. "நியாயமான பேச்சு! இவங்களும் துணை, நாங்களும் துணைன்னா எங்க கல்யாணத்துக்கு அப்புறம் என்ன மதிப்பு?"

"நான் கொடுக்கற மதிப்புதான்" என்றாள் பக்கத்திலிருந்த அதன் மனைவி. "நாலு வருஷமா நமக்கும்தான் முட்டை இல்ல. நம்ம கூட்டை யாராவது வந்து பிரிச்சாங்களா? பேசாம உக்காருங்க."

கூழைக்கடா உட்கார்ந்துவிட்டது. ஏரி முழுக்கச் சிரித்தது.

குவளை நடுவில் வந்து நின்றாள். "நான் சாமிகிட்ட பாசி கேக்க வரல. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கேட்டேன். முடியாதுன்னார், சரின்னுட்டேன். இப்ப நான் கேக்கறது நாட்டாமைகிட்ட. தாழை இறக்கை தேறி மேல வரும்போது அவளுக்கு ஒரு கூடு இருக்கணும். அதுக்கு, நான் உக்காந்தா அது செல்லணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

ஆமையார் நாமக்கோழியாரைப் பார்த்தார். "இவங்களுக்குப் பாசி கட்டினீங்களா?"

"கட்டல."

நீர்க்காகம் சந்தோஷத்தில் இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டது.

"கட்டவும் மாட்டேன்" என்றார் நாமக்கோழியார். "நான் நம்பறது எனக்கு. நாளைக்கே நீங்க சட்டம் போட்டுக் கட்டுன்னு சொன்னாலும் கட்ட மாட்டேன்."

"போதும் சாமி, போதும்! தீர்ப்பைச் சொல்லுங்க நாட்டாமை" என்றது நீர்க்காகம்.

"எனக்குப் போதல" என்றார் நாமக்கோழியார்.

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"பாசி கட்டினேனான்னு கேட்டீங்க, சொன்னேன். இவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையான்னு இன்னும் யாரும் என்னைக் கேக்கலயே. கேளுங்க."

"சரி, கேக்கறேன். துணையா?"

"பக்கத்து நாணல்லதான் தாழை கெடக்கறா. மேல கூடு போகுதுன்னு தெரிஞ்சும் இந்தப் பொண்ணு கீழயே இருந்தா. நத்தையை உடைச்சு ஊட்டினா. உச்சி வெயில்ல இறக்கையை விரிச்சு நிழல் கொடுத்தா. இது துணை இல்லேன்னா, நான் என் பெண்டாட்டிக்கு என்ன உறவுன்னு எனக்கே தெரியல." சொல்லிவிட்டு அவர் வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீரில் அலகை நனைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் கோபமாகவே பேசினார்.

"நாட்டாமை, நான் பாசி கட்டறது அம்மனுக்கு முன்னால. நம்பறவங்க வராங்க, கட்டறேன். அடுத்தவங்க கூட்டுல சுள்ளி உருவறதுக்கா நான் முங்கி முங்கிப் பாசி எடுக்கறேன்? இவன் திருடிட்டு அம்மன் கொடுத்ததுன்னு சொல்றான். அவ பேரைக் கெடுக்கறது இவனா, இந்தப் பொண்ணுங்களா? அலைச்சலுக்குப் பயந்து என் கயித்தை உங்க சட்டத்துல முடிஞ்சது நீங்கதான். தயவுசெஞ்சு அவிழ்த்து விட்டுடுங்க. என் வேலையை நான் பார்க்கறேன், உங்க வேலையை நீங்க பாருங்க."

ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று கொக்கு ஒன்று எட்டிக்கூடப் பார்த்தது. தூங்கவில்லை. வெட்கம்தான்.

கடைசியில் தலை வெளியே வந்தது. "தப்பு என்னோடது. சோம்பேறித்தனத்துக்கு இத்தனை வருஷம் சட்டம்னு பேர் வெச்சுட்டேன். இனிமே துணைன்னு பதியணும்னா, எந்த ரெண்டு பேரா இருந்தாலும் இந்தக் கரைச் சேத்துல பக்கத்துல பக்கத்துல கால் பதிச்சு, என் எதிர்ல வாய் திறந்து சொன்னாப் போதும். கூடு அவங்களைக் காக்கும். பாசிக் கயிறு பூசாரியோடது. யாருக்குக் கட்டறார், யாருக்குக் கட்டலைன்னு யாரும் அவரைக் கேக்கக் கூடாது. நீர்க்காகம் எடுத்த சுள்ளியெல்லாம் இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள உச்சிக் கவைக்குப் போய்ச் சேரணும்."

"எல்லாச் சுள்ளியுமா?" என்றது நீர்க்காகம்.

"அம்மன் கொடுத்ததா சொன்னியே, அதுவும்தான்" என்றார் ஆமையார்.

தாழை நாணலிலிருந்து நடந்தே வந்தாள். பிசகிய இறக்கை தரையில் இழுபட்டது. குவளை அவள் நடைக்கு ஈடாக மெதுவாக நடந்தாள். ஈரக் கரையில் இரண்டு வரிசைக் கால்தடம் விழுந்தது. "இவ எனக்குத் துணை" என்றாள் தாழை. "இவ எனக்குத் துணை" என்றாள் குவளை. ஆமையார் வெகு காலத்துக்குப் பிறகு அன்று தன் வேலையைத் தானே செய்தார்.

நாமக்கோழியார் பாசி கட்டவில்லை. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்று சாயங்காலப் பூசையில், தாழையின் இறக்கை சீக்கிரம் குணமாக வேண்டும் என்று அம்மனிடம் பேர் சொல்லி வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொள்வதற்கு அவருக்கு ஒரு தடையும் இருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் நீர்க்கடம்பு மரத்தடிக்கு நீந்திப் போனார். குவளை மேலே கூட்டைச் சீர் செய்துகொண்டிருந்தாள். நீர்க்காகம் திருப்பிக் கொடுத்ததில் பாதி உளுத்த சுள்ளி. அதன் குணம் எங்கே போகும்?

"என்ன சாமி, அலகுல என்ன? பாசியா?" என்று கேட்டபடி குவளை கீழே இறங்கி வந்தாள்.

"பாசி இல்லம்மா, சுள்ளி" என்றார் நாமக்கோழியார். "பூசாரி கொடுக்கறது இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் கொடுக்கறது."

குவளை அதை அலகில் பத்திரமாக வாங்கிக்கொண்டாள். "சரி சாமி" என்றாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தைதான். இந்த முறை நாமக்கோழியார் அதை மறக்கவில்லை.

மழை விட்டுப் பனி விழத் தொடங்கிய ஒரு காலையில் தாழை உச்சிக் கவைக்குப் பறந்து போனாள். கூடு அவளுக்காகக் காத்திருந்தது.

குழந்தைகளே, பெரியவர்களே, நம் நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவர் கூட்டைக் கலைக்க வேண்டிய அவசியம் ஒருநாளும் இல்லை.